மருமகளுக்காக நான் இருந்த விரதங்கள்

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. குடையை விரித்தால் நிற்கிற, மடக்கினால் பெய்கிற வகை மழை. பம்பாயில், செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், டயட்டீஷியன் அறைக்கு வெளியே, நானும் என் மனைவியும் மருமகளும் ஈரச் செருப்போடு உட்கார்ந்திருந்தோம். நாற்காலிகள் ஏழு, ஆட்கள் ஒன்பது. நின்றுகொண்டிருந்த இருவரும் என்னைவிட வயதில் சின்னவர்கள் என்பதால் நான் எழுந்திருக்கவில்லை.

பெண்கள் சமாசாரத்துக்கு மாமனார் எதற்கு என்று கேட்கலாம். புறப்படும்போது என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். ரிப்போர்ட்டுகளை வைத்திருப்பவன் நான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவன். காகிதத்தைத் தேதிவாரியாக அடுக்க இந்த வீட்டில் வேறு யாருக்கும் வராது. மகனுக்கு விக்ரோலியில் வேலை. லீவு என்ற சொல்லைக் கேட்டாலே அவன் மேனேஜருக்குத் தலைவலி வந்துவிடும். ஆகவே நான்.

மகனுக்கும் மருமகளுக்கும் கல்யாணமாகி நான்கு வருஷம் முடிந்திருந்தது. குழந்தை இல்லை. மகனுக்கு எல்லாச் சோதனையும் செய்து, குறை ஒன்றும் இல்லை என்றார்கள். மருமகளுக்கு பி.சி.ஓ.டி., சினைப்பையில் நீர்க்கட்டிகள். மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும், சில சமயம் மூன்று மாதமும் ஆகும். வயது முப்பத்தொன்று. அவளைப் பார்த்துவந்த லேடி டாக்டர், பெரிய செலவு பிடிக்கிற சிகிச்சைக்குப் போவதற்கு முன் ஓர் ஆறு மாதம் சாப்பாட்டைச் சீராக்கிப் பார்க்கலாம், ரத்தத்தில் சர்க்கரையும் உடம்பில் எடையும் கொஞ்சம் இறங்கினால் மாத்திரையிலேயே காரியம் நடக்க வழி இருக்கிறது என்று சொல்லி இங்கே அனுப்பியிருந்தார். பரீட்சைக்கு முன்னால் விடுகிற லீவைப் பிடித்துக்கொள்வது போல மருமகள் அந்த ஆறு மாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஏதாவது நடந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு நினைப்பு இல்லை. எங்களுக்கும் இல்லை, ஆனால் நாங்கள் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தோம்.

டயட்டீஷியன் செம்பூரை அடுத்த அணுசக்தி நகரில் வளர்ந்த தமிழ்ப் பெண். நன்றாகப் பேசுவாள், தமிழ் எழுத்துதான் தெரியாது. நான் நீட்டிய ஃபைலை, "பின்னாடி பாக்கலாம் அங்கிள்" என்று மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள். தேதிவாரியாக அடுக்கிய ஃபைல். எனக்கு அப்போதே மனசு சுருங்கிவிட்டது.

"அக்கா, நேத்து என்ன சாப்பிட்டீங்க? காலையிலேருந்து சொல்லுங்க."

"நேத்து திங்கக்கிழமை. விரதம்" என்றாள் மருமகள்.

"சரி, விரதத்துல என்ன?"

"காலையில டீ. மத்தியானம் ஜவ்வரிசிக் கிச்சடி. ஆபீஸ்லேருந்து வந்து ஜவ்வரிசி வடை ரெண்டு. ராத்திரிக்கு அத்த உருளைக்கிழங்கு வறுத்தாவ, கூடத் தயிர்."

"இன்னைக்கு?"

"இன்னைக்குச் செவ்வாய், முருகனுக்கு. கிச்சடிதான்."

"நாளைக்கு?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "நாளைக்கு ஆஷாட ஏகாதசில்லா! பம்பாயே விரதம் இருக்கும்போது நாம மட்டும் சோறு திங்க முடியுமா?"

"மாசத்துல இப்படி எத்தனை நாள் ஆண்ட்டி?"

மனைவி என்னைப் பார்த்தாள். அன்று அந்த அறையில் என்னை நம்பி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. திங்கள் நான்கு, செவ்வாய் நான்கு, சஷ்டி இரண்டு, ஏகாதசி இரண்டு, கிருத்திகை ஒன்று, சதுர்த்தி ஒன்று. "பதினாலு" என்றேன். "சில மாசம் ரெண்டு விரதம் ஒரே நாள்ல விழுந்து பன்னெண்டா நின்னுரும்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அங்கிள், நம்ம பெருங்குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு..."

"எத்தனை கோடி?"

"எண்ண முடியாது அங்கிள்."

"தோராயமா?"

மனைவி என் முழங்கையில் இடித்தாள். டயட்டீஷியன் சிரித்துக்கொண்டே மருமகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அக்கா, அதுங்களுக்கு நாமதான் சாப்பாடு போடணும். கீரை, காய், பயறு, தோல் போகாத தானியம், இதுல இருக்கிற நார் நமக்குச் செரிக்காது. கீழ போய் அதுங்களுக்குத் தீனியாகுது. ஜவ்வரிசி வெறும் மாவு. மேலேயே கரைஞ்சு சர்க்கரையா ரத்தத்துல ஏறிடும். ஏற்கெனவே உங்களுக்கு இன்சுலின் தகராறு. கீழ ஒண்ணுமே போய்ச் சேராது. மாசத்துல பதினாலு நாள் விரதம் இருக்கிறது நீங்க இல்ல, உங்க வயித்துல இருக்கிற பாக்டீரியா."

பி.சி.ஓ.டி. உள்ளவர்களின் குடலில் அந்த பாக்டீரியாக்களின் வகைகள் குறைவாக இருப்பதாகச் சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன என்றாள். பெண் ஹார்மோன் உடம்பில் எவ்வளவு தங்குவது, எவ்வளவு வெளியே போவது என்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டாம். ஆனால் எது காரணம், எது விளைவு என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது; கீரை சாப்பிட்டால் குழந்தை வரும் என்று தன்னால் எழுதிக் கொடுக்க முடியாது; போனில் விளம்பரம் வருகிற பாக்டீரியா மாத்திரை, பவுடர் எதையும் வாங்கவேண்டாம். கடைசியாக, "விரதத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க அக்கா. ஆறு மாசம்" என்றாள்.

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. விரதங்கள் எல்லாம் எதற்காக என்றால், குழந்தைக்காகத்தான்.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். மீட்டர் ஓடுவதை நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இவ்வளவு விரதம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் உண்டு. சஷ்டியும் செவ்வாயும் என் மனைவி போட்டவை. கிருத்திகை, தாராவியில் மளிகைக்கடை வைத்திருக்கிற சம்பந்தி வீட்டு அம்மா போட்டது. திங்கட்கிழமை மருமகளின் ஆபீஸ் சிநேகிதி சொன்னது. அவளுக்கு ஒரே வருஷத்தில் பிள்ளை பிறந்ததாம். சதுர்த்தியும் ஏகாதசியும் எதிர்வீட்டு மராத்தி அம்மாள் இருப்பதைப் பார்த்துச் சேர்ந்தவை. அந்த அம்மாளை நாங்கள் எல்லோருமே மாவ்ஷி என்போம். சித்தி என்று அர்த்தம், வயதில் என் மனைவிக்கு மூத்தவர்தான். இப்படி வருஷா வருஷம் விரதம் கூடியதே தவிர, ஒன்றுகூடக் கழியவில்லை. கழித்தால் அந்தச் சாமி என்ன நினைக்கும் என்ற பயம். போதாததற்கு, கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் இருக்கிறேன், மூன்று வருஷம் இருக்கிறேன் என்று மருமகள் வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் முடிந்து, மூன்றாவது அந்த நவம்பரில் வர இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முருகன் கோவில் குருக்களுக்குப் போன் போட்டாள். சுற்றி வளைத்துப் பத்து நிமிஷம் கேட்ட கேள்வியின் சாரம், உடம்புக்கு முடியாதவர்களின் விரதத்தை வேறு ஒருவர் இருக்கலாமா என்பது. குருக்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்: அதே வீட்டு ஆளாக இருந்தால் இருக்கலாம்.

"அப்ப யாரு இருக்கிறது?" என்றாள் மனைவி, போனை வைத்துவிட்டு.

அவளுக்குச் சர்க்கரை, மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடக்க முடியாது. மகன் ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் வண்டியைக் கண்டால் ரயிலையே விட்டுவிடுகிறவன். மிச்சம் இருந்தது யார் என்று கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு எழுவத்தொரு வயசு" என்றேன்.

"ரெண்டு வேளை வாக்கிங் போறிய, ஒரு மாத்திரை கிடையாது" என்றாள் மனைவி. "சும்மாதான இருக்கிய. சும்மா இருக்கிறத விரதமா இருந்துட்டுப் போங்க."

"வேண்டாம் அத்த, மாமாவுக்குப் பசி தாங்காது" என்றாள் மருமகள். அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அதற்கு அப்புறம் நான் எப்படி மாட்டேன் என்பது? பதினான்கையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களை நினைத்தால் இப்போதும் தொண்டையில் பசை ஒட்டுகிறது. முதல் வாரம் ஜவ்வரிசிக் கிச்சடி ருசியாகத்தான் இருந்தது. நெய், சீரகம், பச்சைமிளகாய், வேர்க்கடலைப் பொடி. விரதம் என்றால் இதுதானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். மூன்றாவது வாரத்தில், தட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முழித்துப் பார்க்கிற அந்த உருண்டைகளைக் கண்டதும் நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

எதிரே மருமகள் சாப்பிடுவாள். அதுதான் பெரிய கொடுமை. கம்பங்கஞ்சி, கேப்பை ரொட்டி, அவரைக்காய்ப் பொரியல், வாழைத்தண்டுக் கூட்டு, முருங்கைக்கீரை, மோர். கம்பும் கேப்பையும் சம்பந்தி கடையிலிருந்து வந்தன. "வீட்டுக்கு வந்த பிள்ளைக்குக் கம்பங்கஞ்சி ஊத்துதோமேன்னு அவிய என்ன நெனப்பாவளோ" என்று முதலில் முனகிய என் மனைவி, பிறகு எதிர்த்திசையில் வேகம் எடுத்துவிட்டாள். நாரை மெல்ல மெல்லக் கூட்டவேண்டும் என்று டயட்டீஷியன் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. ஒரே நாளில் காலை கொண்டைக்கடலைச் சுண்டல், மத்தியானம் தட்டைப்பயற்றுக் குழம்பு, சாயங்காலம் மாவ்ஷி கொடுத்தனுப்பிய முளைகட்டிய பயறு, இரவு கொள்ளு ரசம். மறுநாள் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு லீவு போட்டாள்.

"அத்த, உள்ள இருக்கிறவங்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னாங்க. நீங்க கல்யாணப் பந்தியே போட்டுட்டிய. உள்ள டோல் தாஷா அடிக்கிறாங்க" என்றாள் படுத்துக்கொண்டே. கணபதி ஊர்வலத்து மேளத்தை வயிற்றுக்குள் கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்று எங்களுக்கு விளங்கியது. அடுத்த வாரத்திலிருந்து பயறு ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கரண்டி என்று அளவு வந்தது. அளந்தவன் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, என் கண் தன் தட்டில் இருந்த அவரைக்காய் மேல் நின்றுவிட்டதை மருமகள் பார்த்துவிட்டாள்.

"மாமா, ஒரு துண்டு எடுத்துக்கிடுங்க."

"விரதம் முறிஞ்சிரும்."

"யாரு விரதம்? என் விரதம்தான? நானே சொல்லுதேன், எடுத்துக்கிடுங்க."

"ஏளா, சும்மா இரு" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

மகனுக்கு இது வீட்டோடு ஒரு டிவி சீரியல் ஆகிவிட்டது. ராத்திரி வந்து ஷூவைக் கழற்றும்போதே, "என்னப்பா, மசக்கையா? எந்த மாசம்?" என்பான். அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

சிரிப்பாகவே எல்லா நாளும் போகவில்லை. சமையலறை காலண்டரில் என் விரத நாட்களை நான் நீலப் பேனாவால் சுழித்து வைப்பேன். அதே காலண்டரில் மருமகள் எப்போதாவது ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாள். அது என்ன என்று எனக்குத் தெரியும், தெரியாதது போல இருந்துவிடுவேன். செப்டம்பர் கடைசியில் ஒரு புள்ளி வைத்தாள். அதற்கு முந்திய புள்ளி ஆகஸ்ட் கடைசியில் இருந்தது. இரண்டும் அவ்வளவு பக்கத்தில் இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை. மாதாமாதம் ஒழுங்காக வந்தால் அதுவே முதல் வெற்றி என்று லேடி டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அன்று சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அழுதுகொண்டிருந்தாள்.

பேப்பரை எடுக்கப் போன நான் திரும்பவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கிளையை எடுத்து நானும் ஆய்ந்தேன்.

"ஒழுங்கா வந்தா நல்லதுங்காவ மாமா" என்றாள். "எனக்கு வந்தாலும் அழுகை வருது, வராட்டாலும் அழுகை வருது. எப்பத்தான் சிரிக்கதுன்னு தெரியல."

"காம்பு இதுல கிடக்கு" என்று ஒரு காம்பை எடுத்துப் போட்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "ஒங்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியல மாமா. கீரையும் ஆயத் தெரியல."

அக்டோபரிலும் ஒரு புள்ளி வந்தது. எடை மூன்று கிலோ இறங்கியிருந்தது. எனக்கோ வேறு விதமாக இருந்தது. மாதத்தில் பாதி நாள் ஜவ்வரிசி உள்ளே போக, வெளியே வருவது நின்றுவிட்டது. இதைப் பற்றி விரிவாக எழுதுவது நாகரிகம் இல்லை. காலையில் பாத்ரூமில் நான் இருக்கிற நேரம் முன்பு எட்டு நிமிஷமாக இருந்தது, அக்டோபரில் நாற்பதைத் தொட்டது என்பதோடு விடுகிறேன். வெளியே மகன் கதவைத் தட்டி, "அப்பா, ரயில் போயிரும்" என்பான்.

இந்த நிலையில் கந்த சஷ்டி வந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி காலை கோவிலில் காப்புக் கட்டிக்கொள்ள வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினேழு பெண்கள், பின்னால் அதற்கும் மேலே. எல்லோரும் இருபத்தைந்து, முப்பது வயது. நடுவே நான் மட்டும் வழுக்கைத் தலையோடு. பின்னால் நின்ற ஒரு பெண், திருநெல்வேலிப் பேச்சு, மெதுவாகக் கேட்டாள்.

"என்ன வேண்டுதல் அண்ணாச்சி?"

"பிள்ளை வேணும்னு."

"ஒங்களுக்கா?"

"மருமவளுக்கு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வரிசையில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். குருக்கள் என் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டும்போது, சிரிப்பை அடக்கத்தான் மந்திரத்தை வேகமாகச் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது.

காலையில் பால், மத்தியானம் ஜவ்வரிசி, ராத்திரி வாழைப்பழம். நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, என்னால் உட்கார முடியவில்லை. காலனி டாக்டரிடம் போனேன். இருபத்தாறு வருஷமாக எங்களைப் பார்க்கிறவர். சோதித்துவிட்டு, மூலம் தொடங்கியிருக்கிறது என்றார். "இந்த வயசுல என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "நாலு மாசமாவா? ஜவ்வரிசியா? துணிக்குக் கஞ்சி போடுற சமாசாரத்தைக் குடலுக்குப் போட்டிருக்கீங்க. இன்னைக்கே நிறுத்துங்க" என்று சொல்லி, இசப்கோல் உமியும் ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, தலையணை மேல் ஒருக்களித்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். மனைவிக்கு என் வலியைவிட மிச்சம் இருக்கிற இரண்டு நாள்தான் பெரிதாகத் தெரிந்தது. "மூணாவது வருசம்ங்க. ரெண்டே நாளு. இதுல முறிஞ்சா மூணு வருசமும் போச்சு. நானே இருந்துருதேன், சர்க்கரை என்ன செஞ்சிரும்?" என்றாள். மருமகள் ஆபீசுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். என் வயிறா, அத்தையின் சர்க்கரையா, தன் வேண்டுதலா என்று மூன்றையும் மாறி மாறிப் பார்க்கிற முகம்.

அந்த நேரத்தில், என் விரதத்துக்கென்று சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு மாவ்ஷி வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்தியிலும் மராத்தியிலுமாக அவர் கேட்ட கேள்வி மிகச் சாதாரணமானது. "ஜவ்வரிசி எங்க ஆட்கள் ஏகாதசிக்கும் சதுர்த்திக்கும் சாப்பிடுவது. சதுர்த்திக்குக்கூட நிலா வந்ததும் நான் வரண்பாத் என்கிற பருப்புச் சோறு, காய் எல்லாம் வைத்து வயிறு நிறையச் சாப்பிடுவேனே. உங்கள் சாமிக்கு உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவார்கள்?"

மனைவி அடுக்களைப் பக்கம் பார்த்தாள். ஜவ்வரிசி டப்பா அங்கேதான் இருந்தது.

நாங்கள் தாராவியிலிருந்து செம்பூருக்கு வந்த புதிதில், விரத நாளில் என் மனைவி சோறு வடிப்பதைப் பார்த்துப் பக்கத்துப் பெண்கள் யாரோ, "உபவாசத்தில் சாதமா?" என்று ஆச்சரியப்பட்டார்கள். அவளுக்கு அது வெட்கமாகப் போய்விட்டது. விரத நாளை நம் பஞ்சாங்கத்திலிருந்தும் சாப்பாட்டை அவர்கள் அடுக்களையிலிருந்தும் எடுத்துக்கொண்டாள். அதற்கு அப்புறம் எங்கள் வீட்டில் விரதம் என்றால் ஜவ்வரிசி. வீட்டுக்கு வந்த மருமகள், அத்தை செய்வதுதான் முறை என்று எடுத்துக்கொண்டாள்.

மருமகள் போனை எடுத்துத் தாராவிக்குப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"எம்மா, நம்ம ஊர்ல கந்த சஷ்டிக்கு என்னம்மா சாப்பிடுவாவ?"

"என்னளா கேள்வி இது? மத்தியானம் ஒரு பொழுது. பச்சரிசிச் சோறு, பருப்பு, ரெண்டு காய், ஒரு கீரை. ராத்திரி பாலும் பழமும். முடிஞ்சவுக வெறும் மோரு குடிச்சுக் கிடப்பாவ."

"ஜவ்வரிசி?"

"ஜவ்வரிசி பாயசத்துக்குல்லா! அங்க நீங்க திங்கதப் பாத்து, படிச்சவுக வீட்டு வழக்கம் போலன்னு நான் ஒண்ணும் கேக்கல."

பின்னாலிருந்து சம்பந்தியின் குரல் கேட்டது. "மாசம் அஞ்சு கிலோ போவுதே, சம்பந்தி என்ன பாயசக் கடை வச்சிருக்காவளோன்னு நானும் நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்!"

மருமகள் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு ஜவ்வரிசியே பிடிக்காது அத்த" என்றாள். "வாயில வச்சாலே குமட்டும். பிள்ளைக்காவன்னு முழுங்குனேன். நாலு வருசமா முழுங்குனேன்."

என் மனைவி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் வலியால் தரையில் உட்கார்ந்து ஆறு வருஷம் ஆகிறது. "சொல்லக்கூடாதாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொன்னா எனக்கு வேண்டுதல்ல மனசில்லன்னு நெனப்பியளோன்னு..."

சரியாகப் புரியாமல் நின்றுகொண்டிருந்த மாவ்ஷி, கிழங்குத் தட்டை என் மடியில் வைத்துவிட்டு இரண்டு பேரையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். என் மனைவியைத் தூக்க இரண்டு முயற்சி தேவைப்பட்டது.

அன்று மத்தியானம் மருமகளே குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போய், குருக்களிடம் கேட்டு, மிச்ச நாட்களுக்குத் தன் இடது கையில் ஒரு காப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். "இனிமே என் விரதம் எனக்கு மாமா. ஒரு பொழுது, நம்ம சாப்பாடு. டயட்டீஷியன்கிட்டயும் போன்ல சொல்லிட்டேன். கீரை, காய், பருப்பு வச்சு மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டு, ராத்திரி பால், பழம்னா மிச்ச நாளுக்குப் பரவாயில்லன்னு சொன்னாங்க. மத்த கிழமையெல்லாம் சாமிகிட்ட நானே பேசி ராஜினாமா கொடுத்துட்டேன். நீங்க ஒங்க வயித்தப் பாருங்க."

"என் காப்பு?"

"அது சூரசம்ஹாரம் முடியாம அவிழ்க்கக் கூடாதாம். இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு."

அன்று இலையில் சோறு, பாசிப்பருப்பு, அவரைக்காய், அகத்திக்கீரை. நான்கு மாதமாக எதிர்த்தட்டில் மட்டும் பார்த்த அவரைக்காய். நான் எத்தனை தடவை கேட்டு வாங்கினேன் என்பதை மட்டும் எண்ணவில்லை.

ஜனவரியில் லேடி டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, பெரிய சிகிச்சைக்கு இப்போது அவசரம் இல்லை என்று மாத்திரை தொடங்கினார். பிப்ரவரியில் ஒரு புள்ளி, மார்ச்சில் ஒரு புள்ளி. மார்ச் புள்ளியின்போது கீரை ஆயக் கூப்பிட்டாள், போனேன். ஏப்ரலில் புள்ளி இல்லை. ஐந்து நாள், எட்டு நாள் என்று நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், யாரிடமும் கேட்கவில்லை. பதினோராம் நாள் காலை, பாத்ரூமில் நான் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. மகன் என்று நினைத்து, "ரயில் போனா அடுத்த ரயில்ல போலே" என்று கத்தினேன். வெளியே மனைவியும் மருமகளும் அழுகிற சத்தம், மகன் சிரிக்கிற சத்தம். நான் வெளியே வரும்போது மாவ்ஷி வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொண்டது நான்.

இது யாரால் என்பதில் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. மனைவி முருகன் என்கிறாள். மகன் மாத்திரை என்கிறான். சம்பந்தி தன் கடைக் கம்பு என்கிறார், மாவ்ஷி தன் பயறு என்கிறார். நான் போனில் அழைத்து டயட்டீஷியனிடமே கேட்டேன். "தெரியாது அங்கிள். எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம், எதுவும் இல்லாம தானாவும் வந்திருக்கலாம். அக்காவைக் கீரையை மட்டும் விடவேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். படித்த பெண், ஒரு சதவீதமாவது சொல்லியிருக்கலாம்.

"எல்லாம் மாமா வயித்தக் கெடுத்துக்கிட்ட புண்ணியம்தான்" என்கிறாள் மருமகள். அவள் சொன்னால் கிண்டலா இல்லையா என்று எனக்கு இப்போதும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. இதை எழுதும்போது அவளுக்கு ஆறாவது மாதம். மூன்று மாதம் பாக்கி இருக்கிறது. எதையும் முடிந்ததாக எழுத எனக்குப் பயம். சம்பந்தி கடைசியாக அனுப்பிய ஜவ்வரிசியில் இரண்டு கிலோ டப்பாவில் அப்படியே கிடக்கிறது. வளைகாப்புக்குப் பாயசம் வைத்துத் தீர்த்துவிடலாம் என்கிறாள் மனைவி. எனக்கு ஊற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மகன் அவன் செலவை அவன் பார்த்துக்கொண்டான். என் பையிலிருந்து போனது தனி. காலனி டாக்டருக்கு இரண்டு தடவை, ஆயிரத்து நானூறு. உமியும் களிம்பும், எண்ணூற்று அறுபத்தைந்து. உட்கார முடியாமல் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு போய்வந்தது, முந்நூற்றுப் பத்து. ஏப்ரலில் யாருக்கும் சொல்லாமல் கோவிலில் பாலாபிஷேகத்துக்குக் கட்டிய ஆயிரத்து ஒன்று. ரசீதில் யார் பெயர் என்று குருக்கள் கேட்டபோது மருமகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். ஆக மொத்தம் மூவாயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறு ரூபாய்.